பாக்கியலக்ஷ்மி சிஸ்டர் எழுதிய சீட்டு

பாக்கியலக்ஷ்மி சிஸ்டர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நான் வகுப்புக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பார். வேண்டாம் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில்தான் எங்கள் கோச்சிங் சென்டர். கீழே மூட்டை பிரித்தால் மேலே இருபது நர்ஸுகளும் ஒன்றாகத் தும்முவார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போக நர்ஸுகள் எழுத வேண்டிய ஆங்கிலத் தேர்வுக்கு அங்கே நான் பயிற்சி கொடுக்கிறேன். என் பெயர் சுபாஷிணி, வீடு திருப்பூணித்துறையில். என்னைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்று விட்டுவிடத்தான் ஆசை. விட முடியாது.

சிஸ்டருடைய தாத்தாவைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நகராட்சி வேலைக்கென்று கூட்டி வந்தார்கள். என்ன வேலை என்று சிஸ்டர் நேராகவே சொல்வார்: அடுத்தவர் வீட்டு மலக்கூடையைத் தலையில் சுமக்கிற வேலை. அப்பா தெருக் கூட்டினார். அண்ணனும் கணவர் ராசப்பனும் கார்ப்பரேஷன் குப்பை வண்டியில். அந்தக் குடும்பத்தில் வெள்ளை யூனிஃபார்ம் போட்ட முதல் ஆள் இவர்தான். நர்ஸிங் படித்து, மட்டாஞ்சேரியிலேயே ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் பதினேழு வருஷமாக வேலை. இருபத்திரண்டு வயதுப் பெண்கள் வந்து, ஒரு வருஷம் பழகிவிட்டு, லண்டனுக்கும் துபாய்க்கும் பறந்துகொண்டே இருந்தார்கள். இவர் காஷுவாலிட்டி என்கிற அவசரப் பிரிவின் வாசலில் உட்கார்ந்து நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டே இருந்தார்.

அவர்கள் குடியிருந்தது கார்ப்பரேஷன் குவார்ட்டர்ஸில். இரண்டு அறை, கூரையில் கம்பி தெரியும். கட்டடத்தை இடிக்கப்போகிறோம், மே மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். வாடகைக்கு வீடு பார்த்தால் இரண்டு பேர் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும். மகள் ரோஜா பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். இந்த நிலையில்தான் அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லம் சிஸ்டரை எடுத்துக்கொள்கிறோம் என்று கடிதம் அனுப்பியது. ஜூன் முடிவதற்குள் அவர்களுக்கு இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, இந்த ஆங்கிலத் தேர்வில் தேறியது. மற்றது, இவர் மேல் எந்தப் புகாரும் விசாரணையும் இல்லை என்று நர்ஸிங் கவுன்சில் தரும் நற்சான்று. இரண்டாவதைப் பற்றி யாரும் கவலையே படவில்லை. பதினேழு வருஷத்தில் ஒரு ஊசி தவறிப் போட்டதில்லை அவர். முதலாவதில்தான் மூன்று தடவை தோற்றிருந்தார்.

"நாற்பத்தொண்ணு வயசு டீச்சர். இந்த லெட்டரு போனா இனி எவனும் கூப்பிட மாட்டான். புள்ளையக் கூட்டிட்டு நான் எங்க போவேன்?" என்றார் சேர்ந்த முதல் நாளே. அழவில்லை. தவணை முறையில் பயந்து பழகியவர் போலிருந்தது அவர் முகம்.

பேச்சு, கேட்டல், வாசிப்பு எல்லாம் அவருக்கு ஒப்பேறிவிடும். எழுத்தில்தான் அடி. அவருடைய பழைய விடைத்தாள் மாதிரிகளை வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பெயின். தலையில் பெயின், முட்டியில் பெயின், தொண்டையில் பெயின், கணவன் இறந்துபோன கிழவிக்கு மனதில் பெயின். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது, நாக்கு கொஞ்சம் நீளம்.

"ஏன் சிஸ்டர், இங்கிலீஷ்காரன் உங்களுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் குடுத்தானா?" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். கோட்டயம், பாலா பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். சிஸ்டரும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

அன்றிலிருந்து தினமும் ஒரு ஜோடி வார்த்தை. ஏக் என்றால் மந்தமாக, விடாமல் வலிப்பது. பெயின் என்றால் சுருக்கென்று பிடிப்பதும் அதில் அடங்கும். ஹீல் என்றால் புண் தானாக ஆறுவது. க்யூர் என்றால் மருந்து நோயை விரட்டுவது. நோயாளி ரிஃப்யூஸ் செய்தார் என்றால் மாத்திரை வேண்டாம் என்றார்; டினை செய்தார் என்றால் எனக்கு அந்தத் தொந்தரவு இல்லை என்றார். ஷேட், ஷேடோ இரண்டுக்கும் நம்மிடம் நிழல் ஒன்றுதான் என்றதும் சிஸ்டருக்கு ஏனோ ரொம்பச் சந்தோஷம். அவருக்கு மட்டும் தமிழில் விளக்கிச் சொல்வேன். எனக்கும் வகுப்பில் தமிழ் பேச வேறு ஆள் இல்லை.

ஒரு நாள் வாசனை சம்பந்தமான வார்த்தைகள். ஸ்மெல், ஓடர், ஸென்ட், ஸ்டெஞ்ச். எது நல்லது, எது கெட்டது, எது நடுவில் என்று பலகையில் பிரித்து எழுதினேன்.

"எங்க வீட்டுல நாலும் ஒண்ணுதான் டீச்சர்," என்றார் சிஸ்டர். "எங்க அப்பா டூட்டி முடிச்சு வந்தா நாலும் சேர்ந்தே உள்ள வரும். அப்புறம் சாயா குடிக்கும்."

யாருக்கும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றுதான்.

பிடித்துப்போனதால் அவரை எப்படியாவது தேற வைத்துவிட வேண்டும் என்று வெறி வந்தது. டிஸ்கம்ஃபர்ட் என்ற வார்த்தையை நான்தான் கொடுத்தேன். வலி என்று சொல்ல முடியாத ஒரு சங்கடம், ஒரு அசௌகரியம் என்று சரியாகத்தான் விளக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சந்தேகமா இருந்தா டிஸ்கம்ஃபர்ட்னு எழுதிடுங்க. கேக்க மரியாதையா இருக்கும். பெயின்னு எழுதினா சின்னப் புள்ள எழுதின மாதிரி இருக்கு," என்றும் சொன்னேன். இன்னொன்றும் செய்தேன். வகுப்பில் மட்டும் எழுதினால் கை பழகாது, ஆஸ்பத்திரியில் நீங்கள் எழுதுகிற சீட்டுகளிலேயே புது வார்த்தைகளைப் போடுங்கள், வாரம் பத்து வாக்கியம் நோயாளி பெயரில்லாமல் நோட்டில் எழுதி வந்து காட்டுங்கள் என்றேன். எல்லோரிடமும்தான் சொன்னேன். ஒழுங்காகச் செய்தது அவர் ஒருவர்தான்.

நோட்டு எங்கும் டிஸ்கம்ஃபர்ட். பெயின் குறையக் குறைய நான் சிவப்புப் பேனாவில் நட்சத்திரம் போட்டேன். நாற்பத்தொரு வயதுப் பெண்மணி அந்த நட்சத்திரங்களை எண்ணுவார். பிப்ரவரியில் தேர்வு எழுதிவிட்டு வந்து, "டீச்சர், ஒரு தடவகூட பெயின் எழுதல," என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னார். ரிசல்ட் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

இரண்டாவது வாரம் ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு, தங்கதுரை என்பவர் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், வயது நாற்பத்தாறு. பள்ளுருத்தியில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு கட்டடங்களுக்குப் பூச்சு வேலை செய்தவர். மனைவி இசக்கிசெல்வி ஒரு ஹோட்டலில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். போன் வந்ததும் ஓடிவந்து அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். இதையெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டேன்.

அந்த ஆஸ்பத்திரியில் வேலை நடக்கிற விதம் இது. வாசல் மேஜையில் நர்ஸ். வருகிறவருக்கு என்ன தொந்தரவு என்று கேட்டு, பிரஷர் பார்த்து, ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி உள்ளே அனுப்புவார். டியூட்டி டாக்டர் சீட்டுகளைப் பார்த்து யாரை முதலில் கூப்பிடுவது என்று முடிவு செய்வார். தாடையிலிருந்து தொப்புள் வரை எங்கே பெயின் என்று எழுதியிருந்தாலும் பத்து நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். சுவரில் அந்த விதியைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். வேறு என்ன எழுதியிருந்தாலும் வரிசைப்படி.

அன்றைக்குக் கூட்டம். மண்டை உடைந்த ஒரு பள்ளிப் பையன், மூச்சுத் திணறும் ஒரு பாட்டி, அவர்களுக்குப் பின்னால் இவர்கள். தங்கதுரைக்கு மலையாளம் வராது. வாசல் மேஜையில் இருந்த சிஸ்டர் தமிழில், "என்ன செய்யுது அண்ணாச்சி?" என்று கேட்டதும் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் உயிர் வந்த மாதிரி இருந்ததாம்.

"நெஞ்சுக்குழி வலிக்கு தங்கச்சி," என்றாராம் அவர்.

சிஸ்டர் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே மாடியேறி வந்தார். முந்தின நாள் யூனிஃபார்மைக் கூட மாற்றவில்லை. சொல்லும்போது நெஞ்சுக்குழியில் கை வைத்தே சொன்னார், தங்கதுரை வைத்த மாதிரி.

"பிரஷர் நல்லாதான் இருந்துச்சு டீச்சர். வேர்த்திருந்தாரு, ஆனா வெயில்ல இருந்து வந்த ஆளு. பேனா எடுத்தேன். கை தானா எழுதிடுச்சு. அப்பர் அப்டமன், மைல்ட் டிஸ்கம்ஃபர்ட். எழுதிட்டு நானே பார்த்தேன், நல்லா இருந்துச்சு. உங்ககிட்ட காட்டணும்னு நோட்டுலயும் எழுதினேன்."

"அப்புறம்?"

"டாக்டரு சீட்டப் பார்த்துட்டு கேஸ் ட்ரபிள்னு நெனச்சு அடியில வச்சாரு. அண்ணாச்சி நாற்பது நிமிஷம் பெஞ்சுல உக்காந்திருந்தாரு. ஒரு தடவ எந்திரிச்சு வந்து, 'தங்கச்சி, இன்னும் நேரமாகுமா'ன்னு கேட்டாரு. இப்போ கூப்பிடுவாங்க அண்ணாச்சின்னு சொன்னேன். திரும்பிப் போய் உக்காந்தாரு. அப்படியே சரிஞ்சுட்டாரு."

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் பாலத்தின் மேலேயே உயிர் போய்விட்டது. மாரடைப்பு. வந்த உடனே ஈ.சி.ஜி. எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிழைத்திருக்க மாட்டார் என்றும் சொல்ல முடியாது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் சிஸ்டர் அதற்குப் பிறகு குடியிருந்தார்.

"அவரு வலின்னுதான் சொன்னாரு டீச்சர். ஒரு மாதிரியா இருக்குன்னு சொல்லல, சங்கடமா இருக்குன்னு சொல்லல. மைல்டுன்னு அவரு எங்க சொன்னாரு? அது நானா போட்டது."

எனக்கு முதலில் வந்தது கோபம். டாக்டருக்குக் கண் இல்லையா, வேர்த்து உட்கார்ந்திருக்கும் ஆளை வெளியே வந்து ஒருதரம் எட்டிப் பார்த்தால் என்ன, ஒற்றை வரிச் சீட்டை நம்பி ஆஸ்பத்திரி நடத்துகிறார்களா என்று கத்தினேன். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். அத்தனையும் நான் கேட்டது என் சிவப்புப் பேனாவைப் பற்றி அவர் ஏதாவது சொல்லிவிடுவதற்கு முன்னால் பேசி முடித்துவிட வேண்டும் என்பதற்காக. அவர் அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

இசக்கிசெல்வி புகார் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் நெஞ்சு வலி என்று சொன்னார், நாற்பது நிமிஷம் யாரும் கவனிக்கவில்லை என்று யாரையோ பிடித்து மலையாளத்தில் எழுத வைத்துக் கொடுத்திருந்தாள். ஆஸ்பத்திரி விசாரணை வைத்தது. நிர்வாகி ஹரிஷங்கர் சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மரியாதையான மனிதர், சாயா வாங்கிக் கொடுத்துத்தான் பேசினார். சீட்டில் டிஸ்கம்ஃபர்ட் என்று இருக்கிறது, நோயாளி சொன்னது அதுதான் என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது என்றார். சீட்டும் சரி, டாக்டர் செய்ததும் சரி, விதியும் சரி. யார் மேலும் குற்றமில்லை. ஒரு வாரத்தில் ஃபைலை மூடிவிடலாம், உங்கள் நற்சான்றுக்கும் ஒரு பங்கம் வராது. வேறு மாதிரி எழுதினால் ஆஸ்பத்திரி உங்களுக்காகப் பேச முடியாது, கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டிவரும். அவர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை, அந்த முதல் வாக்கியத்தைத் தவிர.

அன்றைக்கு சாயங்காலம் சிஸ்டர் டியூட்டி முடிந்து வெளியே வரும்போது ஆஸ்பத்திரி கேட்டருகே இசக்கிசெல்வி நின்றிருந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று வாட்ச்மேன் குறுக்கே வந்தான். அவள் சண்டை போடவில்லை.

"நீங்க தமிழுதானே?" என்று கேட்டாள். "அவிய சொன்னது உங்களுக்கு வெளங்கிச்சுல்லா?"

சிஸ்டர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"பெரியாஸ்பத்திரிக்கே போவோம்னு ஆட்டோவுல சொன்னேன். அங்க மலையாளத்துல கேப்பாவ, நமக்குச் சொல்லத் தெரியாது, இங்க ஒரு தமிழு நர்ஸம்மா இருக்காவன்னு வேலை செய்யிற எடத்துல சொன்னாவ, அங்கயே போவோம்னு அவியதான் வந்தாவ. அதக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். உங்களுக்கு வெளங்கிச்சுன்னா அப்ப எப்படி நாப்பது நிமிசம்?"

இதைச் சிஸ்டர் என்னிடம் சொன்னபோது நான் மேஜையில் இருந்த சாக்பீஸ்களை ஒவ்வொன்றாக ஒடித்துக்கொண்டிருந்தேன். அதுவரை நான் அந்த மனிதரை ஒரு நோயாளியாகத்தான் நினைத்துவைத்திருந்தேன். தன் வலியைத் தன் மொழியில் சொல்லலாம் என்று நம்பி இவரைத் தேடி வந்தவர் என்று அப்போதுதான் தெரிந்தது.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் தேர்வு ரிசல்ட் வந்தது. நாலிலும் தேறியிருந்தார். எழுத்தில்தான் அதிக மதிப்பெண். போனில் நான் சந்தோஷத்தில் வீறிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் கணவர் ராசப்பன் போனை எடுத்து, "அவ பாத்ரூம்ல தண்ணியத் திறந்து விட்டுட்டு உக்காந்திருக்கா டீச்சரே. நீங்க ஒண்ணு வந்து பறஞ்சு பாருங்க," என்றார். இரண்டு காகிதத்தில் ஒன்று கைக்கு வந்துவிட்டது. மற்றது ஒரே ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஞாயிறு, சென்டருக்கு விடுமுறை. சிஸ்டரை அங்கே வரச் சொன்னேன். விசாரணைக்குக் கொடுக்க வேண்டிய வாக்குமூலத்தை நானே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தேன். மூன்று மணி நேரம் செலவழித்து எழுதியது. என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல ஆங்கிலம் நான் எழுதியதில்லை. பச்சைப் பொய் என்று எதையும் யாரும் சுட்டிக்காட்ட முடியாது. உண்மையும் எதிலும் இல்லை. நோயாளி சொன்னார் என்று எழுதாமல், நோயாளியின் நிலை இவ்வாறு புரிந்துகொள்ளப்பட்டது என்று எழுதியிருந்தேன்.

சிஸ்டர் விரல் வைத்து வாசித்தார். பழைய வகுப்புப் பழக்கத்தில் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

"லாப்ஸ்னு போட்டிருக்கீங்க. மிஸ்டேக்னா என்ன, லாப்ஸ்னா என்ன?"

"மிஸ்டேக்னா தப்பு. லாப்ஸ்னா ஒரு நொடி கவனம் நழுவுறது. தப்புனா யாரோ செய்யணும். நழுவுறதுக்கு ஆள் வேண்டாம்."

"நெக்லிஜென்ஸ்?"

"அத எழுதவே கூடாது. அது கோர்ட்டு வார்த்தை."

"ரிக்ரெட்னு முடிச்சிருக்கீங்க. அபாலஜைஸ் இல்லையா? அன்னைக்கு ரெண்டும் வேற வேறன்னு சொல்லிக் குடுத்தீங்க."

"வேறதான். ரிக்ரெட்னா நடந்ததுக்கு வருத்தம். மழை பெஞ்சாலும் ரிக்ரெட் பண்ணலாம். அபாலஜைஸ்னா நான் செஞ்சேன், மன்னிச்சிடுங்கன்னு அர்த்தம். அது போட்டா மாட்டிக்குவீங்க."

அவர் காகிதத்தை மடித்து மேஜையில் வைத்தார். "நீங்க இவ்வளவு நல்லா சொல்லித் தர்றீங்க டீச்சர்," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"சிஸ்டர், ரோஜாவ நினைங்க. மே மாசம் எங்க போவீங்க? அந்த ஆளு போயிட்டாரு. நீங்க என்ன எழுதினாலும் அவரு வரப்போறதில்ல. தயவு செஞ்சு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க," என்று கெஞ்சினேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவருக்காகத்தான் கெஞ்சுகிறேன் என்று அப்போது நம்பினேன்.

"போடத்தான் வந்தேன்," என்றார். "ராத்திரி முழுக்க நினைச்சுப் பார்த்துட்டு போடலாம்னுதான் வந்தேன். அப்ப அந்தப் பொண்ணு பொய் சொன்னான்னு ஆயிடுமே டீச்சர். வலின்னு சொன்னாருன்னு அவ எழுதிக் குடுத்திருக்கா. நான் இதுல கையெழுத்துப் போட்டா, அவ புருஷன் வலிய ஒழுங்காச் சொல்லத் தெரியாம செத்தாருன்னு ஆகும்ல?"

அவர் ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். கொடுத்தேன். அவரே எழுதினார், வரி வரியாக, கார்பன் தாளில் அழுத்துகிற மாதிரி அழுத்தி. நோயாளி வலி என்றார். நான் அசௌகரியம் என்று எழுதினேன். லேசானது என்று நானாகச் சேர்த்தேன். அவர் பேசியது என் தாய்மொழி, எனக்கு முழுவதும் புரிந்தது. இரண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். அவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அபாலஜைஸ் என்றுதான் எழுதினார். எல்லாம் நாலைந்து வார்த்தை வாக்கியங்கள். தேர்வில் எழுதியிருந்தால் நான் பாதி மதிப்பெண்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

அந்தத் தாளால் என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி அத்தனை பழியையும் அவர் தலையில் இறக்கி வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. டாக்டர் இன்றும் அதே அறையில் அதே மாதிரி சீட்டு பார்க்கிறார். கவுன்சிலில் விசாரணை நடந்துகொண்டிருக்கிறது, முடியும்வரை நற்சான்று கிடையாது. அயர்லாந்துக்காரர்கள் ஜூன் கடைசியில் ரொம்ப மரியாதையான ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்துக் கடிதம் போட்டார்கள். அதில் ரிக்ரெட் என்று இருந்தது. குவார்ட்டர்ஸை இடித்தாயிற்று. அவர்கள் வைப்பின் தீவில் ஒரு ஷெட் மாதிரி வீட்டில் இருக்கிறார்கள். சிஸ்டர் அங்கே படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறார், யூனிஃபார்ம் இல்லாமல். ரோஜா கல்லூரியில் சேரவில்லை. அந்தத் தாளை வைத்துத்தான் இசக்கிசெல்வி வழக்குப் போட்டிருக்கிறாள். சிஸ்டரை அவள் மன்னித்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒருமுறை எதிரே வந்தபோது சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டாளாம்.

நான் சொல்ல வந்தது விசாரணை நடந்த நாளைப் பற்றி. திங்கட்கிழமை காலை பத்தரை மணி. துணைக்கு வாருங்கள் என்று சிஸ்டர் கேட்டதால் போயிருந்தேன். இரண்டாவது மாடியில் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. சிஸ்டர் இஸ்திரி போட்ட யூனிஃபார்மில் வந்திருந்தார். அவர் கையில் ஒரு துணிப்பை, அதில் அந்த நோட்டு. கேட்டால் காட்டுவதற்கு எடுத்து வந்தேன் என்றார். நட்சத்திரங்கள் போட்ட நோட்டு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து.

பெயர் கூப்பிட்டார்கள். எழுந்தவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு பையை என் மடியில் வைத்துவிட்டு, "இது இங்கயே இருக்கட்டும் டீச்சர்," என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனார்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. குரல்கள் கேட்டன. யாரோ ஒருவர் வாக்குமூலத்தை மலையாளத்தில் மொழிபெயர்த்து வாசித்தார். பிறகு வெளியிலிருந்து வந்திருந்த ஒரு வயதான டாக்டர் நிதானமாகக் கேட்டார்: பதினேழு வருஷம் பெயின் என்றே எழுதிவந்தவர் நீங்கள், பழைய சீட்டுகளை எல்லாம் பார்த்தேன், மூன்று மாதமாகத்தான் இப்படி எழுதுகிறீர்கள், இப்படி எழுதும்படி உங்களிடம் யாராவது சொன்னார்களா? அவர் இவரைக் காப்பாற்ற ஒரு வழி தேடுகிறார் என்று எனக்கே புரிந்தது. யாராவது சொல்லியிருந்தால் பழியில் ஒரு பகுதியாவது இவர் தலையிலிருந்து இறங்கும். கதவு என்னிடமிருந்து நாலு எட்டில் இருந்தது. நோட்டு என் மடியில் இருந்தது. நான் உள்ளே போய் மேஜையில் அதை வைத்திருக்கலாம். ஒரு வாக்கியம்கூடப் பேசியிருக்க வேண்டாம்.

நான் பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

இருபது நிமிஷம் கழித்து சிஸ்டர் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது, உதடு காய்ந்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டவில்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை.

"யாரு சொன்னாங்கன்னு கேட்டாங்களே, என்ன சொன்னீங்க?" என்றேன்.

"யாரும் சொல்லலன்னு சொல்லிட்டேன் டீச்சர். நீங்க பயப்படாதீங்க."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். சத்தமாகவே விட்டுவிட்டேன் போலிருக்கிறது. சிஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார்.